கட்டைவிரலின் தீர்ப்பு

அன்புள்ள ஐயா,
என் அண்ணன் மகன் குறும்படங்களுக்கு இசையமைக்கிறான். "பல்லவி ஐந்து நொடிக்குள் வந்துவிட வேண்டும் அத்தை, இல்லாவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்" என்கிறான். சமைக்கும்போது நானே அப்படித் தள்ளித் தள்ளித்தான் கேட்கிறேன். ஆனாலும் முன்னிசை இல்லாமல் ஒரு பாட்டா? தொழில்நுட்பம் இசையை அழித்துவிட்டதா? அவன் என்ன செய்யட்டும்? ஓடிடியால் தியேட்டர்கள் மூடிவிடுமா?
ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,
தியேட்டர் விஷயத்தை இன்னொரு நாள் பேசலாம்.

'தொழில்நுட்பம் அழித்துவிட்டது' என்று இனி எழுதாதீர்கள். கோபமாகவே சொல்கிறேன். நீங்கள் உருகும் பழைய பாட்டும் இயந்திரம் அளந்து கொடுத்த துணியில் தைத்ததுதான். 78 சுற்று இசைத்தட்டில் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். பல்லவி, இடையிசை, சரணம் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

ஆனால் எந்த இடத்தில் நீங்கள் முள்ளைத் தூக்கினீர்கள் என்று அந்தத் தட்டு யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. இன்று ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு பாட்டைக் கேட்டதாகக் கணக்கு. யூடியூப் 2012-லேயே எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை வைத்துப் பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டது. 2020 ஜூன் கடைசியில் இங்கே டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அந்த இடத்துக்கு ஜூலையில் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூபின் ஷார்ட்ஸ் வந்தன. பையன் பயப்படுவது இந்தக் கணக்குக்குத்தான்.

எண்பதுகளில் எங்கள் கடைத்தெருவில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். பக்கத்தின் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். கடைக்கார அண்ணன் அதைக் காலியாக விடமாட்டார். தனக்குப் பிடித்த எதையாவது போட்டுவைப்பார். அட்டையில் அதன் பெயர் இருக்காது. சினிமாப் பாட்டு மட்டுமே கேட்ட எங்கள் வீட்டுக்கு ஒரு நாகஸ்வரப் பதிவு அப்படித்தான் வந்தது. எனக்கு ஒரே எரிச்சல். வரும்போதெல்லாம் ஓட்டிவிடுவேன். அப்புறம் ஒருநாள் கை ஈரமாக இருந்ததால் ஓடட்டும் என்று விட்டேன். அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு கோயில் கொடியேற்றம் எதையும் நான் தவறவிட்டதில்லை.

பாட்டுகளைப் பரிந்துரைக்கும் இன்றைய அல்காரிதம் என் முதல் எரிச்சலையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கும். அந்த வாத்தியம் மறுபடி என் பக்கம் வந்திருக்காது. பிடிக்காதது மெல்லப் பிடித்துப்போவதற்கு ஒரு அவகாசம் வேண்டுமே, அதைத்தான் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அடுப்படியில் நின்று அதற்கு உதவி செய்கிறீர்கள். இன்று மாலை ஒரு பாட்டையாவது தள்ளாமல் கேளுங்கள்.

பையன் ரீலுக்கென்று தனியாக ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கட்டும். முழுப்பாட்டின் முன்னிசையில் கை வைக்க வேண்டாம். அந்த முழுப்பாட்டை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், கேட்கிறேன்.