கேட்டில் நிற்க எதற்குப் பட்டம்?

கேள்வி: என் மூத்த பையன் இந்த வருஷம் மெட்ரிக், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு, கிரேடு 12. பள்ளியில் கிரிக்கெட் இரண்டாவது டீம். அதற்கு மேல் ஆட மாட்டான் என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்தான் படிப்பேன் என்கிறான். "கேட்டில் நின்று டிக்கெட் கிழிக்க எதற்குடா பட்டம்?" என்று அவன் அப்பா கத்துகிறார். மேத்ஸும் இல்லை, அதற்குப் பதிலாக அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசிதான் எடுத்திருக்கிறான். என்ன செய்யலாம் மாமா?
*– ஓர் அம்மா, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா*

பதில்: தங்கச்சி, டர்பன் ஸ்டேடியங்களில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். தொடங்கியது கேட்டில் டிக்கெட் கிழித்துத்தான். பட்டம் இல்லாமல் நான் பட்டது நிறைய. அதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

கேட்டை அவர் லேசாக நினைக்கிறார். 2001 ஏப்ரல் 11, ஜோஹானஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் சீஃப்ஸ், பைரேட்ஸ் என்ற இரண்டு கால்பந்து கிளப்புகளுக்கும் ஆட்டம். உள்ளே நிரம்பி வழிந்த பிறகும் வெளியே இருந்த கூட்டம் தள்ளிக்கொண்டே வந்தது. நெரிசலில் 43 பேர் செத்தார்கள். 2010-இல் விளையாட்டு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. இப்போது ஆட்டத்துக்கு முன்பே போலீஸ் அபாயத்தைத் தரம் பிரித்துவிடும். எந்த வாசலில் எத்தனை பேர், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், கரண்ட் போனால் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் பிளான் வேண்டும். அந்தப் பிளானைப் போட ஆள் வேண்டாமா?

என் கதை ஒன்று. ஒரு ராத்திரி ஆட்டம். டிக்கெட் விற்ற கம்பெனி ஒரே வரிசையை இரண்டு தடவை விற்றுவிட்டது. ஒரே நம்பர் டிக்கெட்டோடு இரண்டு குடும்பம், நடுவில் நான். ஒரு பாட்டி மட்டும் முதலிலேயே உட்கார்ந்துவிட்டார், மடியில் பிரியாணி டப்பா. சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது, ஆனால் அந்த நேரத்தில் அதையா பார்ப்பது? ஆம்புலன்ஸ் பக்கத்தில் எங்கள் ஆட்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளைத் தூக்கிவந்து மற்றக் குடும்பத்தை உட்கார வைத்தேன். எல்லாரும் என் முதுகைத் தட்டினார்கள். மறுநாள் சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டு, "அவசரத்தில் ஸ்ட்ரெச்சர் வரவேண்டிய வழியை அடைத்துவிட்டாயே" என்றார். அவர் சொன்னது சரி. மூன்று வருஷம் உட்கார்ந்து படித்த பிள்ளை அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

சரி, படிப்புக்கு வருவோம். ஜோஹானஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இதற்கு பிகாம் இருக்கிறது. கேப் டவுனில் கேப் பெனின்சுலா டெக்னாலஜி பல்கலைக்கழகம், கெபெஹாவில் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகம், இரண்டிலும் டிப்ளமோ. அக்கவுண்டிங், மார்க்கெட்டிங், சட்டம், மைதானப் பராமரிப்பு, நிகழ்ச்சி நடத்துவது என்று பாடங்கள் போகும். பந்தைத் தொடுகிற பாடம் குறைவுதான், பையனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

பிகாம் என்றால் பொதுவாக மேத்ஸ் கேட்பார்கள். மெட்ரிக் நடுவில் மாற்றவும் முடியாது. ஆகவே அவன் டிப்ளமோ பக்கம் பார்க்கட்டும். அங்கே லிட்டரசியை ஏற்றுக்கொள்ளும் இடங்கள் உண்டு, மார்க் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். சின்னவன் யாராவது கிரேடு ஒன்பதில் இருந்தால் அவனையாவது மேத்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 350,000 ராண்டுக்குள் என்றால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசாங்க மாணவர் நிதி உதவிக்குக் கட்டாயம் எழுதிப் போடுங்கள். வெளியூர் என்றால் ஹாஸ்டல் செலவுதான் ஆளை முறிக்கும்.

கேள்வி: எஸ்.ஏ.20 என்ற டி20 லீக் வந்த பிறகு இங்கே கிரிக்கெட்டில் வேலை கொட்டிக் கிடக்கிறதாமே?
*– ஒரு மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

பதில்: தம்பி, கொட்டிக் கிடப்பது ஒரு மாதத்துக்கு மட்டும். 2023 ஜனவரியில் தொடங்கிய அந்தப் போட்டியின் ஆறு டீமும் ஐ.பி.எல். முதலாளிகள் கையில். ஜோபர்க் டீம் சென்னைக்காரர்களுடையது, அதனால் எங்கள் தெருவிலும் மஞ்சள் சட்டை தெரியும். போட்டி முடிந்ததும் வேலைக்கு எடுத்த ஆட்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அனுபவத்துக்கு நல்லது, போ. சம்பளத்துக்கு வேறு இடம் பார். முனிசிபாலிட்டியின் நீச்சல்குளங்களும் மைதானங்களும், ஜிம்கள், கிரிக்கெட், ரக்பி நடத்தும் மாகாண யூனியன்கள், டிவி கம்பெனிகள் இருக்கின்றன. அப்புறம் பணக்காரப் பள்ளிகள். நேட்டாலில் பெரிய தனியார் பள்ளி என்றால் விளையாட்டுக்கென்றே ஒரு டைரக்டர் இருப்பார். இந்த வேலையை நம் பிள்ளைகள் யாரும் யோசிப்பதே இல்லை.

கேள்வி: எனக்கு எந்த விளையாட்டும் ஆடத் தெரியாது. பெண் வேறு. இந்தத் துறை எனக்குச் சரிவருமா?
*– ஒரு தங்கை, ஃபீனிக்ஸ்*

பதில்: வரும் தாயி. 2023-இல் நெட்பால் உலகக் கோப்பையை கேப் டவுன் நடத்தியது, முழுக்கப் பெண்கள் போட்டி. டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி பள்ளி ஆசிரியர். அவர் பேர் வாங்கியது ஆடுகளத்தில் இல்லை. நிறவெறிக் காலத்தில் வெளிநாட்டில் இருந்துகொண்டு தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கிலிருந்து ஒதுக்கிவைக்கப் போராடினார். பிறகு 1992-இல் நாடு பார்சிலோனாவுக்குத் திரும்பியபோது நம் ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் அவர்தான்.

ஃபாரம் நிரப்பும் முன் ஒரு காரியம் செய். காம்ரேட்ஸ் மாரத்தானில் தண்ணீர் மேசைக்கு வாலண்டியராகப் பேர் கொடு. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கிட்ட ஓட்டம், 1921-இல் 34 பேர் தொடங்கியது. இன்று ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள், அத்தனை பேருக்கும் தண்ணீர் பாக்கெட் நீட்ட வேண்டும். பாக்கெட் எப்போது தீரும், குப்பையை யார் அள்ளுவது, மயங்கி விழுந்தவரை எங்கே படுக்கவைப்பது என்று அந்த ஒரு மேசையிலேயே தெரிந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் ஆனதும் ஃபினிஷிங் லைனில் ஒருவர், ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துப்பாக்கி சுடுவார். ஒரு வினாடி பிந்தினாலும் மெடல் கிடையாது. அந்த முகங்களைப் பார்த்த பிறகும் இந்த வேலைதான் வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பம் போடு. வாலண்டியராகப் போகும்போது இரண்டு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொள். கடித்துத் தூக்கிப்போட்ட பாக்கெட்டெல்லாம் உன் காலடியில்தான் பீய்ச்சும்.