முதல்ல நீச்சல் கத்துக்கோங்க, மத்ததெல்லாம் பிரிஸ்பேன்ல கிட்டத்தட்ட சும்மாவே கிடைக்கும்

கோயம்புத்தூர்லேர்ந்து ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் வந்து நாலு மாசம் ஆச்சு, வெளியில வெயில் தகதகன்னு அடிக்குது, ஏழு வயசுப் பையன் அபார்ட்மெண்ட்லயே அடைஞ்சு கிடக்கான், ஆனா சர்ஃபிங் கிளாஸ், நீச்சல் கிளாஸ், படகு சவாரின்னு எதைத் தொட்டாலும் காசு பறக்குது, குறைஞ்ச செலவுல குடும்பமா வெளிய போக, ஏதாவது கத்துக்க வழி இருக்கான்னு கேட்டிருந்தீங்க. ஜூலையில மாமியார் மாமனார் வேற வர்றாங்கன்னு சொல்லியிருந்தீங்க. இதைப் படிச்சதும் எனக்கு நான் வந்த வருஷம்தான் ஞாபகம் வந்துச்சு. 2011 வெள்ளம் வடிஞ்ச கையோட மதுரையிலேர்ந்து வந்து இறங்கினோம், ஒரே சம்பளம், வாரா வாரம் வாடகை, சனி ஞாயிறு ஆனா ஷாப்பிங் சென்டர்ல ஏசியில சுத்திட்டு ஒரு காபி வாங்கி ரெண்டு பேரும் குடிச்சுட்டு வருவோம். அதைப் பொழுதுபோக்குன்னு நெனச்சுட்டு ரெண்டு வருஷத்த வீணாக்கிட்டேன்னு இன்னைக்கும் வருத்தமா இருக்கு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நீங்க கேட்ட லிஸ்டுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு சொல்றேன். காசு செலவு பண்றதா இருந்தா முதல்ல நீச்சலுக்குப் பண்ணுங்க, பையனுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்து. இந்த ஊர்ல இலவசமா கிடைக்கிறதுல பாதி தண்ணிதான், ஆறு, கடல், லகூன், ஏரி எல்லாத்துக்கும் டிக்கெட் கிடையாது, ஆனா நீச்சல் தெரியாதவங்களுக்கு அது கரையில நின்னு போட்டோ எடுக்குற இடம் மட்டும்தான், இல்லேன்னா ஆபத்து. ஒவ்வொரு கோடையிலயும் நம்ம ஆட்கள் யாராவது பீச்சுல மூழ்கி இறந்துட்டாங்கன்னு நியூஸ் வருது, படிக்கிறப்பல்லாம் வயிறு கலங்குது.

எங்களுக்கே அது நடக்க இருந்துச்சு. ரெண்டாவது கோடை, சன்ஷைன் கோஸ்ட் பக்கம் ஒரு பீச், பத்திரமா இறங்குற இடத்தைக் காட்டுற கொடி எதுவும் நடலை, கூட்டமும் இல்ல, நல்லா அமைதியா இருக்கேன்னு இறங்கிட்டோம். என் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணியிலதான் நின்னார், அடுத்த நிமிஷம் பாத்தா கால் எட்டல, கரையப் பாத்து நீந்த நீந்த ஆள் உள்ளதான் போறார். சர்ஃப் போர்டுல வந்த ஒரு பையன் அவரை இழுத்துப் போர்டுமேல போட்டு பக்கவாட்டுல கொண்டு வந்து கரை சேர்த்தான், பேரு கூட கேக்கல நாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க தூக்கமில்ல, அந்த வாரமே நீச்சல் கிளாஸ் தேட ஆரம்பிச்சோம்.

எங்க ஊர்ல அண்ணன்மாரெல்லாம் முதுகுல சுரைக்குடுக்கையக் கட்டிக்கிட்டு கிணத்துல குதிச்சுக் கத்துக்கிட்டாங்க, பொண்ணுங்க எங்கள மேட்டுல நின்னு துணியப் பாத்துக்கச் சொன்னாங்க. 36 வயசுல நான் முதல் தடவையா தண்ணிக்குள்ள இறங்கினேன். போட்டுக்க என்ன பண்றதுன்னு உங்களுக்கும் தயக்கம் இருக்கும், இங்க ரேஷின்னு முழுக்கை நீச்சல் பனியன் எல்லாரும் போடுவாங்க, அது கூட நீச்சலுக்குன்னே இருக்கிற லெக்கிங்ஸ், கேமார்ட் கடையிலயே மலிவா கிடைக்கும், யாரும் திரும்பிக் கூட பாக்க மாட்டாங்க. வெயிலுக்கும் அதுதான் நல்லது. முதல் நாள் அந்த டீச்சர் என்னை நீந்தவே சொல்லல. படியில உக்கார வச்சு, முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சுக்கிட்டு ம்ம்ம்ம்னு முனகுங்கன்னாங்க. முனகுறப்ப மூச்சு மூக்கு வழியா வெளிய போய்க்கிட்டே இருக்கும், அதனால தண்ணி மூக்குல ஏறாது. அதை மட்டுமே அரை மணி நேரம். அடுத்த வாரம் மல்லாக்க மிதக்குறது, காது தண்ணிக்குள்ள போனதும் உலகமே அமைதியாகிடும், பயத்துல கழுத்தைத் தூக்கினா உடனே இடுப்பு கீழ போயிடும், கழுத்தை விட்டாத்தான் மிதப்போம். இது பிடிபட எனக்கு மூணு வாரம் ஆச்சு. பத்தாவது வாரம் 25 மீட்டரை நிக்காம கடந்தேன், கரையைத் தொட்டதும் அழுதுட்டேன்.

காசு விஷயம். அரை மணி நேர குரூப் கிளாஸ் சுமார் 20, 25 டாலர் ஆகும், இதுல பெருசா தள்ளுபடி எதிர்பாக்காதீங்க. நாங்க முதல்ல சேர்ந்த ஒரு தனியார் இடத்துல பேங்க் கணக்குலேர்ந்து தானா காசு எடுக்குற டைரக்ட் டெபிட்ல கையெழுத்து வாங்கிட்டாங்க, நிறுத்தணும்னா நாலு வாரம் முன்னாடி எழுதிக் கொடுக்கணுமாம், படிக்காம போட்டதால ஊருக்குப் போயிருந்தப்பவும் காசு போய்க்கிட்டே இருந்துச்சு. அதனால டெர்ம் கணக்குல, அதாவது ஸ்கூல் பருவத்துக்கு ஒரு தடவை கட்டுற இடமா பாருங்க, கவுன்சில், அதாவது மாநகராட்சி நீச்சல் குளங்கள்ல விசாரிங்க, பெரியவங்களுக்குன்னு குரூப் கிளாஸ் இருக்கான்னு கேளுங்க. ரெண்டு டெர்ம் போதும், அதுக்கப்புறம் பூல் நுழைவுக் கட்டணம் மட்டும் கொடுத்து நீங்களே பழகிக்கலாம். பையனுக்கு ஸ்கூல்லயே வருஷத்துல சில வாரம் நீச்சல் வரும், ஃபார்ம் அனுப்புவாங்க, அதை விட்றாதீங்க. அப்புறம் மாநில அரசு பிள்ளைங்க விளையாட்டுக்குன்னு வவுச்சர் விடும், முன்னாடி ஃபேர்ப்ளேன்னு 150 டாலர் வரைக்கும் கொடுத்தாங்க, பேரும் விதியும் மாறும், விசாவைப் பொறுத்தும் மாறும், குவீன்ஸ்லாந்து அரசு சைட்ல அப்பப்ப பாத்துக்கிட்டு இருங்க.

பையன் ஓரளவு நீந்த ஆரம்பிச்சதும் நிப்பர்ஸ்னு பிள்ளைங்களுக்கான கடற்கரைப் பயிற்சியில சேருங்க. அஞ்சு வயசுலேர்ந்து பதிமூணு வயசு வரைக்கும், கடல்ல மாட்டினவங்களைக் காப்பாத்துற சர்ஃப் லைஃப் சேவிங் கிளப்புங்க நடத்துறது, கோடை சீசன்ல ஞாயித்துக்கிழமை காலையில. ஒரு சீசனுக்கு ஒரே கட்டணம், அதை வாரத்துக்குப் பிரிச்சுப் பாத்தா வேற எந்த கிளாஸும் இவ்வளவு மலிவு கிடையாது. மணல்ல ஓட்டம், சின்ன போர்டுல படுத்து துடுப்பு மாதிரி கையால தள்ளுறது, கடலைப் படிக்கிறதுன்னு எல்லாம் வாலண்டியர்ங்கதான் சொல்லிக் கொடுக்குறாங்க. பெத்தவங்களும் கூட நின்னு வேலை செய்யணும், அப்படித்தான் எங்களுக்கு இங்க முதல் வெள்ளைக்கார சிநேகிதங்க கிடைச்சாங்க. என் மக எட்டு வயசுல கரையில நின்னு "அம்மா அங்க பாரு ரிப்"னு கை காட்டினா. ரிப்னா கரையிலேர்ந்து கடலுக்குள்ள இழுக்குற நீரோட்டம், அலை உடையாம, சுத்தி இருக்கிறதை விட கருப்பா, அமைதியா ஒரு சந்து மாதிரி தெரியும், நம்ம கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடமா தெரியும், அன்னிக்கு நாங்க இறங்கினதும் அதுதான். அதுல மாட்டினா கரையப் பாத்து மல்லுக்கட்டக் கூடாது, மிதந்துக்கிட்டு ஒரு கையத் தூக்கணும், முடிஞ்சா பக்கவாட்டுல நீந்தணும். சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டுக்கும் நடுவுல மட்டும்தான் இறங்கணும், கொடி இல்லேன்னா கால் நனைக்கிறதோட சரி, இதுல யார் சொன்னாலும் மாறாதீங்க.

கடலுக்கு முன்னாடி பழக சவுத் பேங்க் பார்க் போங்க. 1988 எக்ஸ்போ, அதாவது உலகக் கண்காட்சி நடந்த இடத்தை 1992ல பார்க்கா திறந்தாங்க, அதுல ஆத்தோரமா மணல் கொட்டி செயற்கை பீச் ஒண்ணு இருக்கு, ஸ்ட்ரீட்ஸ் பீச்சுன்னு பேரு. லைஃப் கார்டு இருக்காங்க, அலை கிடையாது, சல்லிக்காசு கிடையாது. நான் கிளாஸ்ல கத்துக்கிட்டதை எல்லாம் அங்கதான் பழகினேன். ரெட்கிளிஃப்ல செட்டில்மென்ட் கோவ் லகூனும் அதே மாதிரி இலவசம், கூட்டம் கொஞ்சம் கம்மி, கிப்பா ரிங் ஸ்டேஷன் வரைக்கும் ரயில், அங்கேர்ந்து பஸ்.

போக வர செலவைப் பத்தி நீங்க யோசிக்கவே வேணாம். 2024 ஆகஸ்ட்லேர்ந்து இங்க பஸ், ரயில், ஃபெர்ரி, ட்ராம் எதுலயும் ஒரு பயணத்துக்கு ஐம்பது சென்ட்தான், அதை நிரந்தரமாவும் ஆக்கிட்டாங்க. ஏர்போர்ட் ரயில், ஸ்ட்ராட்ப்ரோக் தீவு ஃபெர்ரி மாதிரி தனியார் சேவைங்க இதுல சேராது. கோல்ட் கோஸ்ட் போறதுக்கு நாங்க அந்தக் காலத்துல பெட்ரோல், பார்க்கிங்னு கணக்குப் போட்டு மாசம் ஒரு தடவை போவோம், இப்ப ஹெலன்ஸ்வேல் வரைக்கும் ரயில், இறங்கினதும் எதுக்க ட்ராம், நேரா சர்ஃபர்ஸ் பாரடைஸ் பீச். வீட்லேர்ந்து எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு பொரியல் கட்டிக்கிட்டுப் போனா அந்த நாளோட மொத்தச் செலவே பிள்ளைக்கு வாங்குற ஐஸ்கிரீம்தான்.

வெயிலைப் பத்தி ஒரு வார்த்தை, நாம கோயம்புத்தூர் மதுரை வெயிலப் பாத்தவங்க, இதென்ன பெரிய வெயில்னு இருந்துடுவோம். இந்த வெயில் வேற மா. சூடு தெரியாது, ஆனா யூவி, அதாவது தோலைச் சுடுற புற ஊதாக் கதிரோட அளவு, கோடையில பதினொண்ணுங்கற ஆபத்தான அளவைச் சர்வசாதாரணமா தாண்டும். மாநிறத் தோலுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறது தப்பு. ஸ்கூல்ல தொப்பி இல்லாத பிள்ளையை வெளிய விளையாட விட மாட்டாங்க, அது காரணத்தோடதான். அதனால இந்த ஊர்க்காரங்க மாதிரி நாளைச் சீக்கிரம் ஆரம்பிங்க. இங்க கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி மாத்தி வைக்கிற வழக்கம் கிடையாது, 1992ல ஓட்டெடுப்பு வச்சு ஜனங்க வேணாம்னுட்டாங்க, அதனால டிசம்பர்ல அஞ்சு மணிக்கு முன்னாடியே சூரியன் வந்துடும். அஞ்சரைக்குக் கிளம்பினா ஒன்பது மணிக்குள்ள எல்லாம் முடிச்சுட்டு வீட்டுக்கு வந்துடலாம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பார்க்ரன். அஞ்சு கிலோமீட்டர், ஓடலாம், நடக்கலாம், தள்ளுவண்டியில பிள்ளையத் தள்ளிக்கிட்டும் போகலாம், கட்டணமே இல்ல, ஒரு தடவை பதிஞ்சு பார்கோட் எடுத்துக்கிட்டா போதும். ஆஸ்திரேலியாவுலயே முதல் பார்க்ரன் 2011ல கோல்ட் கோஸ்ட் மெயின் பீச்சுலதான் ஆரம்பிச்சுது. கடைசியா வர்றவங்க கூடவே நடக்குறதுக்குன்னே ஒரு வாலண்டியர் இருப்பாங்க, அதனால பின்தங்கிடுவோமோன்னு கவலை வேணாம். புடவையில நடந்து வந்த ஒரு பாட்டியம்மாவ நான் பாத்திருக்கேன்.

பார்க்குங்கள்ல மின்சார அடுப்பு இருக்குல்ல, எஃகுத் தகடு பதிச்ச மேடை, அதுவும் இலவசம்தான், பட்டனை அமுக்கினா சூடாகும், கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சுடும், திரும்ப அமுக்கணும். முன்னாடி யாரோ கறி சுட்டிருப்பாங்க, நீங்க சைவம்னா பேக்கிங் பேப்பரை விரிச்சு அதுமேல பனீர், சோளம், வெங்காயம் எல்லாம் போடலாம். அசைவம்னா முந்தின நாளே கோழியில மசாலா தடவி எடுத்துட்டுப் போங்க. சாப்பிட்டு முடிச்சதும் தகடைச் சுரண்டித் துடைச்சுட்டு வரணும், அடுத்தவங்களுக்கு அது மரியாதை.

நேஷனல் பார்க்குங்களுக்கும் குவீன்ஸ்லாந்துல நுழைவுக் கட்டணம் இல்ல, ராத்திரி கூடாரம் போட மட்டும் தலைக்குச் சில டாலர் கட்டி பெர்மிட் எடுக்கணும். கார் வாங்கினதும் ஸ்பிரிங்புரூக் நேஷனல் பார்க்ல இருக்கிற நேச்சுரல் பிரிட்ஜ்ங்கிற குகைக்குச் சாயங்காலம் போங்க, குகை மேல்சுவர்ல க்ளோவோர்ம்னு ஒளிர்ற சின்னப் புழுங்க நீலமா மினுமினுக்கும், டார்ச்சை அது மேல அடிக்கக் கூடாது, பிள்ளைகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. உங்க வீட்டுக்காரருக்கு மீன்பிடிக்க ஆசைன்னு எழுதியிருந்தீங்க, கடல்ல, ஆத்து முகத்துல தூண்டில் போட இங்க லைசன்ஸ் வேணாம், மீன் குஞ்சு விட்டு வளக்குற சில அணைங்கள்ல மட்டும்தான் பெர்மிட். ஆனா நிறைய மீனுக்குக் குறைஞ்சபட்ச அளவு உண்டு, சின்னதா இருந்தா திருப்பி விட்றணும். நண்டும் அப்படித்தான், சேத்து நண்டுல பெண் நண்டைத் தொடவே கூடாது, ஆண் நண்டு ஓடு குறுக்கால 15 சென்டிமீட்டராவது இருக்கணும். அளவுகோலோட ஆபீஸர் வந்து நிப்பார், ஃபைன் கட்டுற காசுக்கு மார்க்கெட்ல கூடை நண்டு வாங்கலாம்.

மாமியார் மாமனாருக்கு. பிரிஸ்பேன் கவுன்சில் பார்க்குங்கள்லயும் ஹால்லயும் யோகா, தாய்ச்சிங்கிற மெதுவான சீன உடற்பயிற்சி, டான்ஸ்னு இலவசமாவோ ரொம்பக் குறைஞ்ச கட்டணத்துலயோ நடத்துது, ஐம்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்குன்னே கோல்ட்னு தனியா ஒரு திட்டம் இருக்கு, வயசாகுது, துணிச்சலா வாழ்வோம்னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் பேரோட சுருக்கம் அது. பக்கத்து லைப்ரரியில கேட்டாலே சொல்லுவாங்க. எங்கம்மா வந்தப்ப மூணு மாசமும் எப்படி ஓட்டுவாங்களோன்னு பயந்தேன். தாய்ச்சிக்குக் கூட்டிட்டுப் போனேன், முதல் நாள் ஓரமா நின்னாங்க, ரெண்டாவது வாரம் பக்கத்துல நின்ன ஒரு வியட்நாம் அம்மா எங்கம்மா கைய மெதுவாப் பிடிச்சு சரியான உயரத்துல வச்சு விட்டாங்க. ரெண்டு பேருக்கும் பேச ஒரு பொது பாஷை கிடையாது. அடுத்த வாரத்துலேர்ந்து எங்கம்மா ஒரு டப்பாவுல முறுக்கு எடுத்துக்கிட்டுத்தான் கிளம்பினாங்க.

ஜூலைன்னா இங்க குளிர்காலம், அவங்களுக்குக் காலையில பத்து டிகிரிதான் இருக்கும், ஸ்வெட்டர், சாக்ஸ், வார் செருப்புக்குப் பதிலா நல்ல ஷூ, இதெல்லாம் ஊர்லேர்ந்தே வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அந்த மாசம் திமிங்கிலம் போற சீசன் வேற, கிளீவ்லண்ட் வரைக்கும் ரயில்ல போய் ஃபெர்ரி பிடிச்சு ஸ்ட்ராட்ப்ரோக் தீவுல பாயின்ட் லுக்அவுட் பாறை மேல உக்காந்தா கரையிலேர்ந்தே தெரியும். மாமனாருக்கு மூட்டு வலி இருந்தா மடக்கு நாற்காலி ஒண்ணு எடுத்துக்கோங்க, அங்க நடக்குற பாதையில படி நிறைய.