பதில்: டிரம்ஸ் ரெக்கார்டிங்கில் கிக் அட்டைப்பெட்டி மாதிரி, ஸ்னேர் கணகண என்று ஒலிக்கிறது

வணக்கம். இரண்டு கண்டென்சர் மைக் (மெல்லிய சத்தத்தையும் பிடிப்பது), ஒரு எஸ்எம்57 (ஷூர் நிறுவனத்தின் டைனமிக் மைக்), சின்ன அறை என்று எழுதியிருக்கிறீர்கள். இது போதும், புது மைக் வாங்க வேண்டாம். முதலில் டியூனிங்கைப் பாருங்கள்.

ஸ்னேரின் (அடியில் கம்பிகள் உள்ள சின்ன டிரம்) மேல்தோலை முழுக்கத் தளர்த்தி, எல்லாத் திருகையும் விரலால் முடிந்தவரை இறுக்குங்கள். அப்புறம் டிரம் கீயால் எதிரெதிர்த் திருகுகளாக அரைச் சுற்று. பிறகு ஒவ்வொரு திருகுக்கும் ஒரு அங்குலம் உள்ளே மெதுவாகத் தட்டி, சுருதி ஒன்றாகும்வரை சரிசெய்யுங்கள். அந்தக் கணகணப்பு பெரும்பாலும் இங்கேயே பாதி அடங்கிவிடும். மிச்சத்துக்கு ஓரத்தில் சின்னத் துண்டு டேப் ஒட்டினால் போதும். தோல் முழுக்க ஒட்டி ஸ்னேரின் உயிரை எடுத்துவிடாதீர்கள், பாவம்!

கிக்குக்குள் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சின்னத் தலையணை ஒன்று, இரண்டு தோலையும் லேசாகத் தொடும்படி.

மைக்குக்கு, இங்கிலாந்து ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் முறைதான் என் சிபாரிசு. ஒரு கண்டென்சர் ஸ்னேருக்கு நேர்மேலே சுமார் 1 மீட்டரில். இன்னொன்று ஃப்ளோர் டாமுக்கு (தரையில் நிற்கும் பெரிய டாம் டிரம்) வலப்பக்கம், அந்த டாமின் விளிம்பைவிடச் சற்று உயரத்தில், ஹைஹாட்டைப் (காலால் திறந்து மூடும் ஜோடித் தாளம்) பார்த்தபடி. ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டுக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். நூல் பிடித்து அளந்துவிடுங்கள். தூரம் மாறினால் ஸ்னேர் சத்தம் மெலிந்துபோகும்.

எஸ்எம்57-ஐ கிக்கின் முன்தோல் ஓட்டைக்குள் வையுங்கள். அட்டைப்பெட்டிச் சத்தம் இன்னும் இருந்தால் ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) 300–400 ஹெர்ட்ஸைக் குறையுங்கள். கிக் டிராக்கில் போலாரிட்டி பட்டனையும் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) மாற்றிப் பார்த்து, எதில் அடிச்சத்தம் கனமாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.