மதம் மாறியவர்கள் புது நம்பிக்கையில் ஏன் அவ்வளவு பிடிப்பாக இருக்கிறார்கள்?

பிறப்பிலேயே ஒரு மதத்தில் இருப்பவரிடம் ‘இதை ஏன் நம்புகிறாய்?’ என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மாறியவரை வீட்டாரும் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில் சொல்லச் சொல்ல அந்தப் பதில் அவருக்குள்ளேயே வேர்விடுகிறது.

அதைவிடப் பெரிய காரணம், அவர் கொடுத்த விலை. 1959-இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவிகளை ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர்த்தார்கள். சேரும்முன் சிலர் கூச்சப்பட வைக்கும் ஆபாசச் சொற்களை ஆய்வாளர் முன் உரக்க வாசிக்க வேண்டியிருந்தது, சிலருக்கு லேசான சோதனை, மற்றவர்களுக்கு எதுவுமில்லை. பிறகு எல்லோரும் கேட்டது, அந்தக் குழுவின் பேச்சு என்று சொல்லி வேண்டுமென்றே சலிப்பாகத் தயாரித்த ஒரே ஒலிப்பதிவு. கடும் சோதனையைத் தாண்டியவர்களே அதை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். மதம் மாறும்போது சிலருக்குப் போவது சொத்தும் சொந்தபந்தமும். ‘அத்தனையும் வீண்தானா?’ என்ற நினைப்பை யாராலும் எளிதில் தாங்க முடியாது.

இங்கேதான் குடும்பங்கள் பெருந்தவறு செய்கின்றன. ஒதுக்கி வைத்தால் அவருக்கு மிஞ்சுவது புது வட்டம் மட்டுமே. சந்தேகம் வந்தாலும் அங்கே வாய் திறக்கத் தயங்குவார். பேச்சுவார்த்தையை முறிக்காமல் இருப்பதே நல்லது.

எல்லோரும் இப்படியில்லை. திருமணத்துக்காகப் பெயரளவில் மாறியவர்களிடம் இந்த வேகம் பெரும்பாலும் இருக்காது. பிடிப்புக் குறைந்தவர்கள் சத்தமில்லாமல் விலகிவிடுவதால், நம் கண்ணில் படுவதும் தீவிரமானவர்கள்தான்.