பென்சன் வகை ஜைரோபிளேன் (இகோர் பென்சன் வடிவமைத்த, வீட்டிலேயே கட்டக்கூடிய சிறு பறக்கும் ஊர்தி) கட்டுவோர்க்கு: கேள்வி பதில்

கேள்வி: இன்ஜின் இணைப்பு இல்லாத ரோட்டார் (தலைக்கு மேலுள்ள சுழல் இறக்கை) பறக்கும்போது எப்படிச் சுழல்கிறது?

பதில்: பின்னாலுள்ள புரொப்பல்லர் ஊர்தியை முன்னே தள்ளுகிறது; சற்றே பின்சாய்ந்த ரோட்டாரின் ஊடே காற்று கீழிருந்து மேலாகப் பாய்வதால் அது தானே சுழன்று ஊர்தியைத் தாங்குகிறது. இவ்வகை ஊர்தியைக் கண்டுபிடித்த ஹுவான் டி லா சியெர்வா 1923இல் ஸ்பெயினில் பறக்கவிட்ட ஊர்தி முதல் ரோட்டாரின் அடிப்படை இதுவே. சுமை நீங்கினால் ரோட்டார் வேகம் இழக்கும். கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளினால் அந்தச் சுமை நீங்கும்; எனவே பறக்கையில் அதைச் சட்டென்று முன்னே தள்ளாதீர்கள்.

கேள்வி: ஜன்னல் செய்யும் அலுமினியக் குழாயில் சட்டகம் அமைக்கலாமா?

பதில்: கூடாது. 6061-டி6 என்ற வலுவான அலுமினியக் கலவையின் சதுரக் குழாயும் விமானத் தரப் போல்ட்டுகளுமே வேண்டும்.

கேள்வி: பென்சன் பி-8எம் வரைபடத்தில் உள்ள மெக்கல்லக் இன்ஜினுக்குப் பதிலாக வேறு இன்ஜினும் பெரிய புரொப்பல்லரும் பொருத்த விரும்புகிறேன். இன்ஜினைச் சற்று உயர்த்தினால் போதுமா?

பதில்: இன்று வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி இது. இன்ஜினை உயர்த்தினால் புரொப்பல்லரின் உந்துகோடு (அதன் தள்ளுவிசை செல்லும் நேர்கோடு) எடைமையத்துக்கு மேலே போய்விடுகிறது. அப்போது உந்துவிசை மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கும். ரோட்டாரின் இழுவிசை அதைத் தடுத்து நிறுத்தும். ஒரு கீழ்நோக்கிய காற்றுவீச்சினாலோ கோலைத் தள்ளியதாலோ ரோட்டாரின் சுமை நீங்கினால், தடுக்க எதுவுமின்றி ஊர்தி முன்புறமாகக் குப்புறக் கவிழும். அதிலிருந்து மீட்சி கிடையாது. ஆகவே இன்ஜின் தாங்கியைத் துளையிடுமுன், ஓட்டுநர் அமர்ந்த நிலையில் ஊர்தியை இரு வேறு புள்ளிகளிலிருந்து மாறிமாறித் தொங்கவிட்டுத் தூக்குக்குண்டு நூலின் கோட்டைக் குறியுங்கள். இரு கோடுகளும் வெட்டும் இடமே எடைமையம். உந்துகோடு அதற்கு மிக நெருக்கமாக அமைய வேண்டும். பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் 2005இல் ஓரிருக்கை ஊர்திகளுக்கு இந்த இடைவெளிக்கு 2 அங்குல எல்லையை வலியுறுத்தியது.

கேள்வி: பெரிய கிடைமட்ட வால் வைத்துவிட்டால் உந்துகோடு எங்கிருந்தாலும் கவலை இல்லை என்கிறார்களே?

பதில்: ஏற்க மாட்டேன். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வுகள், நிலைப்புத்தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பது உந்துகோட்டுக்கும் எடைமையத்துக்கும் உள்ள செங்குத்து இடைவெளியே என்று காட்டின. வால் நல்லது, வையுங்கள்; ஆனால் தவறான உந்துகோட்டுக்கு அதை மருந்தாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: மீண்டும் நான்தான், வால் பற்றிக் கேட்டவன். வாலும் வேண்டாம், உந்துகோட்டுக் கணக்கும் வேண்டாம்; தேர்ந்த ஓட்டுநருக்குப் பயிற்சியே போதும். பென்சனும் அப்படித்தானே பறந்தார்?

பதில்: பென்சன் பறந்தது உண்மை, அவர் வரைபடத்தை மாற்றி இன்ஜினை உயர்த்தியவர்களுக்கு அந்தச் சான்று பொருந்தாது. கவிழ்தல் தொடங்கியபின் ஓட்டுநர் உணர்ந்து செயல்படும் அவகாசம் இல்லாததால், எந்தத் தேர்ச்சியும் அங்கே பயன்படுவதில்லை. இந்த வாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: எடையற்ற உணர்வுக்காகக் கோலை ஒரு நொடி தள்ளிப் பார்க்கலாமா?

பதில்: முதல் பதிலிலேயே சொன்னேன். தள்ளாதீர்கள்.

கேள்வி: மெதுவாகத் தள்ளினால்?

பதில்: ரோட்டாரின் சுமையைக் குறைக்கும் எதையும் செய்யாதீர்கள். இனி இக்கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: இந்தியாவில் இதற்கு அனுமதி பெறுவது எப்படி?

பதில்: சட்டம் என் துறை அன்று, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: சாதாரண விமானம் ஓட்டத் தெரியும். தனியாகவே பழகலாமா?

பதில்: வேண்டாம். விமானத்தில் வேகம் குறைகையில் மூக்கைத் தாழ்த்தும் பழக்கம் உங்கள் கையில் ஊறியிருக்கும். இங்கே அதுவே ஆபத்து. ஈரிருக்கை ஊர்தியில் பயிற்றுநருடன் தொடங்குங்கள்.