பிடிஎஃப் திருட்டும் பூட்டிக் கிடக்கும் நூல்களும்

அன்புள்ள ஐயா,

பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறவர்களை ஆதரித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். டிஜிட்டல் காலத்தில் பதிப்புரிமைச் சட்டம் எல்லை மீறிப் போகிறது என்கிறீர்கள். என் அனுபவம் நேர்மாறு. சென்ற ஆண்டு என் முதல் நாவல் வந்தது. புத்தகக் காட்சி முடிவதற்குள் அதன் பிடிஎஃப் டெலிகிராமில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. "சூப்பர் அண்ணா, பிடிஎஃப்ல படிச்சேன்" என்று எனக்கே செய்தி அனுப்புகிறார்கள். பதிப்பாளர் கையைப் பிசைகிறார். சட்டம் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். இதை இன்னும் தளர்த்தச் சொல்வது எழுதிப் பிழைக்க நினைப்பவனுக்கு என்ன நியாயம்?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

உங்கள் நாவலை பிடிஎஃப் ஆக்கிச் சுற்றவிட்டவர் செய்தது திருட்டு. நூல் கடையில் கிடைக்கிறது, எழுதியவர் உயிரோடு இருக்கிறார், முதல் பதிப்பு விற்றால்தான் பதிப்பாளர் உங்கள் அடுத்த நாவலைக் கேட்பார். இதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

சட்டமும் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையாளர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால் அந்தக் கோப்பை வைத்திருக்கும் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கிக் கொடுத்தால் முடக்கம் தொடரும். 2022இல் போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஓர் ஆசிரியை போட்ட வழக்கில், அவருடைய பாடங்களைப் பரப்பிய சேனல்களின் விவரத்தைக் கொடுக்கும்படி டெலிகிராமுக்கே டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் வக்கீல் வைக்கப் பணம் வேண்டும், அலையத் தெம்பு வேண்டும். முதல் நாவல் எழுதியவருக்கு அது எட்டாது. உங்களுக்கு எட்டாத அதே சட்டம் யார் தலையில் போய் விடிகிறது என்று பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்ற மூன்று பெரும் பதிப்பகங்கள் சேர்ந்து டெல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடை மீது வழக்குப் போட்டன. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள் இருந்த ராமேஸ்வரி என்ற கடை அது. டெல்லி பல்கலைக்கழகத்தையும் வழக்கில் சேர்த்திருந்தார்கள். பேராசிரியர்கள் பரிந்துரைத்த நூல்களில் ஒன்றிலிருந்து ஓர் அத்தியாயம், இன்னொன்றிலிருந்து சில பக்கங்கள் என்று நகலெடுத்து, தொகுப்பாகக் கட்டி மாணவர்களுக்கு விற்றதுதான் குற்றம். அந்த நூல்களை எழுதியவர்களிலேயே பலர் இந்த வழக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அமர்த்தியா சென்னும் பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார். யாருடைய பெயரைச் சொல்லி வழக்குப் போட்டார்களோ அவர்களே வேண்டாம் என்ற பிறகும் வழக்கு நடந்தது. இடைக்காலத் தடையால் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்தக் கடையில் தொகுப்பு போட முடியவில்லை.

2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பாடம் நடத்துவதற்காக நகலெடுப்பதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே அனுமதிக்கிறது என்றார். பதிப்புரிமை தெய்வம் தந்த உரிமையும் அல்ல, இயற்கையான உரிமையும் அல்ல என்று எழுதினார். மேல்முறையீட்டிலும் அந்த அடிப்படை நிலைத்தது. அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அதற்குள் ஒரு தலைமுறை மாணவர்கள் படிப்பை முடித்துப் போயிருந்தார்கள்.

நம் ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களின் தயாரிப்பாளர்கள் கேட்டதன் பேரில் சென்னை உயர் நீதிமன்றம் 2,650 இணைய முகவரிகளை முடக்க உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் இண்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. எத்தனையோ பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் பிரதிகள் இருக்கும் இடம் அது. ஒரு படத்தின் கள்ளப் பிரதியைத் தடுக்க ஒரு நூலகத்துக்கே பூட்டுப் போட்டார்கள். சில நாட்களில் திறந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்காமல் பூட்ட முடிகிறது என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி, நான் அந்தக் கட்டுரையில் பேசிய நூல்கள். 1955இல் ஒரு பள்ளி ஆசிரியர் தன் ஊரின் வரலாற்றை எழுதி, கைக்காசு போட்டு அச்சிட்டு, 1980இல் காலமானார் என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் இறந்து 60 ஆண்டு என்பது நம் சட்டம். ஆகவே 2040 டிசம்பர் 31 வரை அந்த நூலை யாரும் மறுபதிப்புப் போடக் கூடாது, இணையத்தில் ஏற்றவும் கூடாது. அச்சகம் மூடியாயிற்று, பிள்ளைகள் எங்கே என்று தெரியாது. அந்தக் காலத்து மலிவுத் தாளோ பழுப்பேறி, பக்கத்தைப் புரட்டினாலே ஓரம் பொடியாக உதிர்கிறது, மடிப்பில் ஒடிகிறது. 2040 வரை அது தாங்காது.

கையில் பிரதி வைத்திருக்கும் பொது நூலகம் பாதுகாப்புக்காக அதை ஸ்கேன் செய்துகொள்ளலாம். இணையத்தில் போடத்தான் அனுமதி இல்லை. திருநெல்வேலியில் இருக்கும் ஆய்வு மாணவி அந்த நூல் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே பஸ் ஏறிப் போக வேண்டும். சரி, உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூலுக்கு வழியே இல்லையா என்றால், 31ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி அந்த நூலை வெளியிட உரிமம் கேட்டு மனுப் போடலாம். ஆனால் மனுப் போடுவதற்கு முன் நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். எந்த நாளிதழில் தெரியுமா? நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஓர் ஆங்கில நாளிதழில்! ஒரு தமிழ் நூலின் வாரிசைத் தேட இதுவா வழி? விளம்பரச் செலவே அந்த நூலின் மொத்த வருமானத்தைத் தாண்டிவிடும்.

இந்த 60 எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். முன்பு 50தான். தாகூர் 1941இல் மறைந்தார். 1991 முடிவில் அவர் எழுத்துகள் பொதுவுக்கு வந்திருக்க வேண்டும். உரிமை அவர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அதைக் காப்பாற்ற எல்லோருக்குமாகப் பத்து ஆண்டைக் கூட்டினார்கள். ஒரு மகாகவியின் நூல்களுக்காக, யாரும் மறுபதிப்புக் கேட்காத ஆயிரக்கணக்கான நூல்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. உலக ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை கேட்பது 50தான். பழையபடி 50க்குத் திரும்ப அந்த உடன்படிக்கை நம்மைத் தடுக்கவில்லை. தமிழ்நாட்டில் பாரதியின் எழுத்துகளை 1949இலேயே அரசு வாங்கியது. பின்னால் பலருடைய நூல்கள் நாட்டுடைமை ஆயின. மிக நல்ல காரியம். ஆனால் பெயர் தெரிந்தவர்களுக்குத்தான் அது நடக்கிறது. அந்தப் பள்ளி ஆசிரியருக்கு நடக்காது.

ஆகவே நான் கேட்பது உங்கள் நாவலின் பாதுகாப்பைக் குறைக்கச் சொல்லி அல்ல. உங்களைப் போன்றவர் வக்கீல் இல்லாமலே நிவாரணம் பெற வழி வேண்டும். கடையில் இல்லாத, உரிமை கோர ஆள் இல்லாத நூல்களை நூலகங்கள் இணையத்தில் திறந்துவைக்க அனுமதி வேண்டும். வாரிசு யாராவது வந்து ஆட்சேபித்தால் எடுத்துவிடலாம்.

அப்புறம், பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். உரிமையை எத்தனை ஆண்டுக்கு எழுதிக் கொடுத்தீர்கள் என்று அதில் இல்லாவிட்டால், சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அது ஐந்து ஆண்டுதான். "முழுக் காலத்துக்கும்" என்று எழுதியிருந்தால், நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எனக்கே திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பதிப்பாளர் நல்ல மனிதராகத் தெரிகிறார், கேட்டால் மறுக்க மாட்டார்.