மூடிய வளைகோடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கலப்பெண் தளத்தில் சாதாரணப் பல்லுறுப்புக் கோவை மெய்மதிப்பு எடுக்கும் வளைகோடு ஒருபோதும் மூடாது, எதிர் அடுக்குகளும் உள்ள லாரன்ட் கோவைக்கு மூடலாம் என்று எழுதியிருந்தீர்கள். எதிர் அடுக்கு சேர்ந்ததும் அப்படி என்ன மாறிவிடுகிறது? நிரூபணம் புரிகிறது, படம் மனதில் வரவில்லை.

க., முதுகலைக் கணித மாணவி

அன்புள்ள க.,

பேனாவை எடுங்கள். லாரன்ட் கோவைகளில் எளியது, ஒரு கலப்பெண்ணோடு அதன் தலைகீழியைக் கூட்டுவது. நீளம் 1, கோணம் 60 டிகிரி உள்ள புள்ளியைக் குறியுங்கள். தலைகீழி அதே நீளத்தில், அச்சுக்குக் கீழே, தண்ணீரில் தெரியும் நிழல் மாதிரி நிற்கும். கூட்டினால் மேலே உள்ள உயரமும் கீழே உள்ள ஆழமும் கழிந்துபோய் 1 மிஞ்சும். கோணம் எதுவானாலும் இப்படித்தான் கழியும். ஆக ஓரலகு வட்டம் முழுக்க மெய்மதிப்பு. நீளத்தை 2 ஆக்குங்கள். தலைகீழி அரையாகச் சுருங்கிவிடும், உயரங்கள் கழியாது. வட்டத்தை விட்டு விலகினால் மெய் அச்சு மட்டும்தான் மிச்சம். அந்த அச்சு வட்டத்தைச் செங்கோணத்தில் வெட்டும் இரண்டு இடங்களில்தான் வகைக்கெழுவும் பூச்சியமாகிறது.

சரி, சாதாரணக் கோவைக்கு ஏன் இது நடக்காது? கோவையின் மதிப்பு மெய்யாகும் இடத்தில் அதன் கற்பனைப் பகுதி பூச்சியம். அந்தக் கற்பனைப் பகுதியை ஓர் உலோகத் தகட்டில் நிலைத்து நிற்கும் சூடாக நினையுங்கள். இரண்டுக்கும் சமன்பாடு ஒன்றே. மூடிய விளிம்பு முழுக்கப் பூச்சியம், உள்ளே அடுப்பும் இல்லையென்றால் உட்புறம் எங்கும் பூச்சியம்தான். கோவை வெறும் மாறிலியாகிவிடும். அதனால் இந்தக் கோடுகள் முடிவிலிக்கு ஓடியே ஆக வேண்டும். 1799-ல் காஸ் தன் முனைவர் ஆய்வேட்டில், இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்துக்கு இந்த மாதிரி வளைகோடுகளைத்தான் நம்பினார். அதிலிருந்த ஓட்டையை 1920-ல் ஆஸ்ட்ரோவ்ஸ்கி அடைத்தார்.

எதிர் அடுக்கு என்பது ஆதிப்புள்ளியில் வைத்த அடுப்பு. இனி கோடு மூடலாம், ஆனால் ஆதியைச் சுற்றிக்கொண்டுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அப்புறம் வருவது. தலைகீழியை 4 மடங்காக்கினால் வட்டத்தின் ஆரம் 2 ஆகும். இப்போது அந்தக் கோவையின் குணகங்களை வைத்து, மூலைவிட்டத்தில் 0, அதை ஒட்டி மேலே ஓடும் சாய்கோட்டில் 4, கீழே ஓடும் சாய்கோட்டில் 1, மற்ற இடமெல்லாம் 0 என்று ஓர் அணி எழுதுங்கள். 2×2 அணிக்கு ஐகன் மதிப்புகள் (சில திசையன்களை அணி திசை திருப்பாமல் பெருக்கும் எண்கள்) 2, -2. சமச்சீரே இல்லாத அணி, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஐகன் மதிப்பு எல்லாமே மெய்! இப்படி ஒவ்வொரு சாய்கோட்டிலும் ஒரே எண் வரும் டோப்ளிட்ஸ் அணிகளில் இதற்குக் காரணம் அந்த மூடிய கோடுதான் என்று கணிதவியலாளர்கள் ஷாபிரோவும் ஸ்டாம்பாக்கும் பொதுவாகவே நிரூபித்திருக்கிறார்கள்.

3×3 அணியைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். 0-வும், 8-ன் இரண்டு வர்க்கமூலங்களும் வரவேண்டும். வந்ததும் எழுதுங்கள்.